ஆற்றோரமாக வந்துபோனவர்கள்: திருநெல்வேலி வேளாண்மையை எங்கிருந்து பார்த்தோம்?

கேள்வி

ஒரு வேளாண் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். அதிகாரியாகவோ ஆய்வாளராகவோ பத்திரிகையாளராகவோ வந்து, வயல்களைப் பார்த்து, நாலு பேரிடம் பேசி, எழுதிவிட்டுப் போகிறார். அந்த எழுத்தை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்விக்கு நம்மிடம் வழக்கமான ஒரு பதில் இருக்கிறது: வந்தவர் போதிய நாள் தங்கவில்லை, தங்கியிருந்தால் சரியாக எழுதியிருப்பார். பிழைக்குக் காரணம் அவசரம், மருந்து பொறுமை என்பதே இதன் சாரம்.

திருநெல்வேலியை, குறிப்பாகத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கை, முன்வைத்து இந்தப் பதிலைச் சோதிக்க விரும்புகிறேன். வந்து பார்த்தவர்களின் வரலாறு இங்கே நீண்டது. எழுத்து ஆதாரமும் உண்டு. 1879இல் ஸ்டூவர்ட்டின் மாவட்டக் கையேடு, 1881இல் கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம், 1917இல் பேட்டின் கெசட்டியர், 1918இல் கில்பர்ட் ஸ்லேட்டரின் கிராம ஆய்வு, 1985இல் டேவிட் லட்டனின் உழவர் வரலாறு என்று வரிசை நீள்கிறது. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, தங்கிய நாட்களின் எண்ணிக்கைக்கும் பார்வையின் நேர்மைக்கும் நாம் நினைக்கும் அளவுக்கு உறவு இல்லை என்று தெரிகிறது. எந்தப் பாதையில் வந்தார், எந்தப் பருவத்தில் வந்தார், எழுதியதை யார் மறுத்துப் பேச முடிந்தது என்ற மூன்றுமே அதைவிடக் கனமானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோன் கேனில் எழுந்த யோசனை

இந்தக் கவலை நம்முடையது மட்டுமல்ல. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசான், கோராட் பீடபூமியில் மழையை நம்பி நெல் விளைவிக்கும் நாடு. மணற்பாங்கான மண், பல இடங்களில் உப்பேறிய நிலம், எப்போது பெய்யும் எப்போது பொய்க்கும் என்று சொல்ல முடியாத மழை. தாய்லாந்தின் ஏழ்மை மிகுந்த பகுதி என்று நெடுங்காலம் பேசப்பட்டதால் வளர்ச்சித் திட்டக்காரர்களும் ஆய்வாளர்களும் அங்கே ஓயாமல் வந்துபோனார்கள். அங்குள்ள கோன் கேன் பல்கலைக்கழகம் 1985இல் ஒரு சர்வதேச மாநாட்டை நடத்தியது. குறைந்த நாட்களில், குறைந்த செலவில், ஆனால் ஏமாறாமல் ஒரு வேளாண் வட்டாரத்தைப் புரிந்துகொள்வது எப்படி என்பதே அதன் பொருள். விரைவு ஊரக மதிப்பீடு என்று பெயர்பெற்ற வழிமுறை பரவியதில் அந்த மாநாட்டுக்குப் பெரிய பங்குண்டு. ஊரின் மேட்டிலிருந்து பள்ளம் வரை விவசாயியோடு நடப்பது, கேள்வித்தாளைக் கையில் பிடிக்காமல் பேச்சின் போக்கில் கேட்பது, பல துறைக்காரர்கள் சேர்ந்து போய் இரவில் ஒப்பிட்டுப் பார்ப்பது என அதன் உத்திகள் எளியவை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1983இல், ராபர்ட் சேம்பர்ஸ் ஊரக வளர்ச்சி பற்றிய தம் நூலை வெளியிட்டிருந்தார். 1970களில் வட ஆர்க்காட்டு நெல் வேளாண்மை ஆய்வில் பங்கெடுத்தவர் அவர். தமிழ்நாட்டுக் கிராமங்கள் அவருக்குப் புதியவை அல்ல. நகரத்திலிருந்து காரில் வந்து திரும்புவோரின் கண்ணுக்கு வறுமை ஏன் படுவதில்லை என்று அவர் காரணங்களை அடுக்கினார். தார்ச்சாலை போகும் இடம்வரைதான் அவர்கள் போகிறார்கள். திட்டம் நடக்கும் ஊரையே பார்க்கிறார்கள். பேசுவது ஊர்த் தலைவரோடும் ஆண்களோடும் வசதியானவரோடும். வருவது மழை ஓய்ந்த பிறகு.

இந்தப் பட்டியலைத் தமிழில் பலரும் எடுத்தாண்டிருக்கிறோம். ஆனால் நம் மாவட்டத்தின் வரைபடத்தின் மேல் அதை விரித்து வைத்துப் பார்த்தது குறைவு.

பாதை

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலருகே கடலில் சேரும் வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம். முதல் ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இருந்தவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டப்பட்டது. கார், பிசானம் என்று இரு போகம். இரண்டு பருவமழையும் பெறும் ஆறு என்பதால் வற்றாத நதி என்ற பெயர் நிலைத்தது.

பார்க்க வந்தவர்கள் எந்த வழியில் வந்தார்கள்? திருநெல்வேலியிலிருந்து மேற்கே தென்காசி போகும் ரயில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றங்கரையை ஒட்டியே நெடுந்தூரம் போகிறது. கிழக்கே திருச்செந்தூர் போகும் ரயிலும் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றைவிட்டு விலகுவதில்லை. நவகைலாயமும் நவதிருப்பதியும் ஆற்றோரத்து ஊர்கள். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். விவசாயிகள் அம்பை 16 என்று சொல்லும் நெல் 1986இல் அங்கிருந்துதான் வந்தது. பத்தமடையின் கோரைப்பாயும் ஆற்றுப் படுகையின் பொருள்தான். பக்தரும் அதிகாரியும் வேளாண் விஞ்ஞானியும் கைவினையைத் தேடி வருபவரும் ஒரே நாடாவில் நடந்து திரும்புகிறார்கள். இருபுறமும் நெல்லும் வாழையும். இதைப் பார்த்தவர் மாவட்டத்தைப் பார்த்துவிட்டதாக எழுதுவதில் வியப்பில்லை.

லட்டனின் ஆய்வு மதிப்புப் பெறுவது இந்த இடத்தில்தான். அவர் பழைய திருநெல்வேலியை நீர்வளப் பகுதி, வறண்ட பகுதி, இரண்டும் கலந்த பகுதி என்று மூன்றாகப் பிரித்தார். இது மண்ணின் பிரிவினை மட்டுமல்ல. ஆற்றுப்பாசன ஊர்களில் பிராமணரும் வேளாளரும் நிலத்தை வைத்திருக்க, பள்ளர் என்று ஆவணங்கள் குறிக்கும் மக்கள் உழைத்தார்கள். நீரைப் பங்கிடும் அதிகாரமும் நிலவுடைமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வடக்கே கரிசலில் தெலுங்கு பேசும் நாயக்கரும் ரெட்டியாரும் மறவரும், தெற்கே செம்மணல் தேரிக்காட்டில் பனையை நம்பிய நாடாரும் வேறொரு சமூக ஒழுங்கில் வாழ்ந்தார்கள். ஒரு பகுதியின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்த முடியாது என்பதே லட்டன் நிறுவியது. மாவட்டத்தின் பெரும்பரப்பு புஞ்சை என்பதையும் இதோடு சேர்த்துக்கொண்டால், ஆற்றோரச் சித்திரம் எவ்வளவு சிறிய துண்டு என்பது விளங்கும்.

லட்டனோடு எனக்கு ஒரு மாறுபாடும் உண்டு. மூன்று பகுதிகள் என்ற பிரிப்பு, நீர்வளப் பகுதியை ஒரே சீரான பச்சையாகக் காட்டிவிடுகிறது. கால்வாயின் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் உள்ள தூரம் சில சமயம் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் உள்ள தூரத்துக்குச் சமம். பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் கார்ப் போகத்துக்கு மேல்பகுதி அணைக்கட்டுகளின் கால்வாய்களுக்கு மட்டும் திறந்துவிடுவது வழக்கமான நடைமுறை. மருதூர், ஸ்ரீவைகுண்டம் கால்வாய்களின் விவசாயிகள் பிசானத்துக்காகக் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணீர் எடுக்கும் 20 எம்.ஜி.டி. (நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன்) திட்டமும் கடைமடையின் பங்கிலேயே கைவைத்தது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது தலைமடை ஒரு ஆட்சியரிடமும் கடைமடை இன்னொரு ஆட்சியரிடமும் போனது. 2019இல் தென்காசியும் பிரிந்தது. சிற்றாறு அருவியாக விழும் குற்றாலம் அந்த மாவட்டத்தில், அது தாமிரபரணியில் கலக்கும் சீவலப்பேரி இந்த மாவட்டத்தில். ஆற்றை முழுதாகப் பார்க்க இன்று மூன்று ஆட்சியர் அலுவலகங்களின் பதிவேடுகள் வேண்டும்.

புஞ்சையைப் பற்றிய நம் அறிவு எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. கோவில்பட்டியில் பருத்திக்கான அரசு ஆராய்ச்சிப் பண்ணை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் அக்கறை பயிர்மீது. கரிசல் மனிதர்களைப் பற்றிய ஆழமான பதிவு கி. ராஜநாராயணனிடமும் பூமணியிடமும் இருந்து வந்தது. ‘கோபல்ல கிராமம்’ 1976இலும் ‘பிறகு’ 1979இலும் வெளியாயின. வந்துபோனவர்கள் எழுதாததை அங்கேயே பிறந்தவர்கள் எழுதினார்கள். சமூகவியல் இந்தக் கடனை இன்னும் முறையாக ஒப்புக்கொள்ளவில்லை.

பருவம்

நெல்லைக்கு வெளியூர்க்காரர் கூட்டமாக வரும் காலம் இரண்டு. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலுக்கு. தை, மாசியில் வெயில் ஏறுவதற்கு முன். முதலாவதில் மேற்கே மலையடிவாரம் குளிர்ந்து கார்ப் பயிர் நிற்கும். அதே நாட்களில் கிழக்கே குளங்கள் வெடித்துக் கிடக்கும். சாரல் காற்று அங்கே புழுதியாகத்தான் வரும். இரண்டாவதில் பிசானம் கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கும், ஊரில் நெல்லும் கூலியும் புழங்கும். இரண்டிலும் மாவட்டம் தன் நல்ல முகத்தைக் காட்டுகிறது.

நடுவில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் ஆண்டின் கணக்கே தீர்மானமாகிறது. மானாவாரிக்காரர் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் பருத்தியும் விதைத்து வானத்தைப் பார்ப்பதும், குளம் பெருகுவதும் உடைவதும், கடன் வாங்குவதும் அப்போதுதான். பனையேறிகளுக்கோ பதநீர்க் காலம் ஆவணியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். இந்த மாதங்கள் வருமானமற்றவை. தேரிக்காட்டின் பசி மாதமும் ஆற்றங்கரையின் நடவு மாதமும் ஒன்றாகவே வருகின்றன. ஒரே வருகையில் ஒரே இடத்தில் நின்று இதை யாரும் பார்த்துவிட முடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணியும் குளங்களும் உடைத்துக்கொண்டு நெல்லையும் வாழையையும் வீடுகளையும் அழித்தன. நாடு முழுவதும் பார்த்த காட்சி, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிய செந்தூர் எக்ஸ்பிரஸ். நூற்றுக்கணக்கான பயணிகளின் தவிப்பு உண்மையானது, அது செய்தியானது சரிதான். ஆனால் ரயில் நின்ற இடத்தில் செய்தியும் நின்றது. உடைந்த குளங்களின் கீழே வயல்களில் மணல் மூடியதும், அதை அள்ள ஆன செலவும், குத்தகைக்குப் பயிரிட்டவர் பட்டாதாரர் அல்ல என்பதால் நிவாரணம் யார் கைக்குப் போவது என்ற சிக்கலும் வெள்ளம் வடிந்த பிறகுதான் தெரியவரும். அப்போது பார்க்க வருவோர் குறைவு.

அரை நூற்றாண்டு தங்கியவர்

நாள் போதவில்லை என்ற வாதத்துக்கு நேரெதிரான சான்று இடையன்குடியில் இருக்கிறது. மிஷனரியான ராபர்ட் கால்டுவெல் 1841இல் அங்கே வந்தார். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அதையே இருப்பிடமாகக் கொண்டார். ஆற்றோரத்தை விட்டு விலகி, செம்மணல் தேரியில், பனைகளுக்கு நடுவே குடியிருந்தவர் அவர். பாதையின் பிழை அவருக்கு இல்லை. பருவங்களையும் அத்தனை முறை பார்த்துவிட்டார். பனையையும் மண்ணையும் அதை நம்பிய பிழைப்பையும் அவர் கூர்ந்து கவனித்தார்.

ஆனால் 1849இல் நாடார்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், அந்த மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தி எழுதியது. மரத்தைத் துல்லியமாகப் பார்த்த கண், மரமேறியவரை முன்முடிவோடு பார்த்தது. பயிரும் மண்ணும் அவர் சொன்னதை மறுக்கவில்லை, மனிதர்கள் மறுத்தார்கள். படித்த நாடார்கள் அந்த நூலை நெடுங்காலம் மன்னிக்கவில்லை. பதில் எழுதினார்கள், முறையிட்டார்கள். சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் மிஷனரி அதிகாரத்தோடு முறித்துக்கொண்டு 1857இல் பிரகாசபுரத்தில் தனித் திருச்சபையையே நிறுவினார். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதிய நாடார் வரலாற்றில் இந்த எதிர்ப்பின் கதை விரிவாக இருக்கிறது.

கால்டுவெல்லின் மொழியியல் பணியை மதிப்போர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போவதுண்டு. அவரைப் பழிப்போர் இதை மட்டுமே பிடித்துக்கொள்வதும் உண்டு. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. இங்கே முக்கியமானது, அரை நூற்றாண்டுத் தங்கலும் திருத்தாத ஒரு பார்வையை, படித்துவிட்டுக் கோபித்த வாசகர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள் என்பது. எழுதப்பட்டவர்களின் கையில் எழுதப்பட்டது போய்ச் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

கங்கைகொண்டான்: திரும்பப் போவது

இனி மறுகோடி. திருநெல்வேலிக்கு வடக்கே மதுரைச் சாலையில் சிற்றாற்றங்கரையில் இருக்கும் ஊர் கங்கைகொண்டான். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், ஒரு வினாநிரலைத் தயாரித்து, மாணவர்களைக் கொண்டு 1916இல் கிராமங்களை ஆராயச் செய்தார். தமிழ்ப் பகுதியில் வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகியவற்றோடு கங்கைகொண்டானும் அவற்றில் ஒன்று.

சேம்பர்ஸின் அளவுகோலை வைத்தால் இந்த ஆய்வில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஊர் நெடுஞ்சாலையின்மேல் இருக்கிறது. 1876 முதல் ரயில் ஓடும் தடத்தின்மேலும் இருக்கிறது. அன்றைய பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோர் பிராமணர். அதே 1916 டிசம்பரில் வந்த பிராமணரல்லாதார் அறிக்கை இதைத்தான் எண்களோடு சுட்டியது. அப்படிப்பட்ட இளைஞர் ஒருவர் அன்று எந்தத் தெருவில் உட்கார்ந்து பேசியிருப்பார், எந்தத் தெருவுக்குள் கால்வைக்கத் தயங்கியிருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல. பெண்களிடம் கேட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இவை என் ஊகங்கள்தான். ஆனால் அந்தக் காலத்தின் சாதி ஒழுங்கை அறிந்தவர் இவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஸ்லேட்டரின் முயற்சியை நான் மிக உயர்வாகவே கருதுகிறேன். காரணம், கேள்விகள் அச்சில் இருந்தன. ஊரின் பெயர் மறைக்கப்படவில்லை. ஆகவே இன்னொருவர் அதே ஊருக்கு அதே கேள்விகளோடு திரும்பப் போக முடிந்தது. 1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வை நடத்தினார்கள். 1940இல் அது நூலாக வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து கடன் கழுத்தை நெரித்த காலத்துக்குப் பிந்திய சித்திரம் அது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஸ்லேட்டர் கிராமங்களை மீண்டும் எடுத்தபோது, வெங்கடேஷ் ஆத்ரேயா கங்கைகொண்டானில் ஆய்வு செய்து, 1916 முதல் 1984 வரையிலான மாற்றத்தையும் மாறாமையையும் ஒரே தலைப்பில் வைத்து எழுதினார். ஒருவர் பார்க்கத் தவறியதை அடுத்தவர் பார்க்கலாம் என்ற வாய்ப்பு இந்த வரிசைக்குள்ளேயே இருக்கிறது. ஈசானிலும் இதற்கு இணை உண்டு: சார்ல்ஸ் கீஸ் 1960களில் மகாசாரகாமில் தான் ஆராய்ந்த ஊருக்குப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போனார். நெல் விவசாயிகள் என்று முதலில் எழுதப்பட்டவர்களின் பிள்ளைகள் பாங்காக்குக்கும் வெளிநாடுகளுக்கும் கூலிக்குப் போய்வரும் குடும்பங்களாக மாறியதை அதனால்தான் அவரால் எழுத முடிந்தது.

1984க்குப் பிறகு கங்கைகொண்டான் வேறு ஊராகிவிட்டது. சிப்காட் வளாகம் வந்தது. டயர் ஆலை வந்தது. 2024இல் சூரிய மின்கலத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. நடுவே 2013இல் 288 ஹெக்டேர் பரப்பு புள்ளிமான் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. சிப்காட் வளாகத்தின் குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் தரும் ஒப்பந்தத்தை எதிர்த்து 2000களின் நடுவிலேயே போராட்டம் எழுந்தது. 2016 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் தர இடைக்காலத் தடை விதித்தது; 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியாகித் தடை நீங்கியது. சிற்றாற்றுக் குளங்களை நம்பிப் பயிரிட்ட ஊரில் ஆலைக்குக் குழாய் வழியே ஆற்றுநீர் வருகிறது என்பது 1916இன் வினாநிரலில் இடமில்லாத செய்தி.

கேட்கப்படாதவை

இடமில்லாத இன்னொன்று பீடி. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று ஆற்றுக்கு இரு பக்கமும் லட்சக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையும் தூளும் பீடிக்கடையிலிருந்து வரும், சுற்றிய கட்டு அங்கேயே போகும். மழை பொய்த்த ஆண்டில் புஞ்சைக் குடும்பத்துக்கு அடுப்பெரிவது இந்தக் கூலியால். நிலம் எவ்வளவு, என்ன பயிர், என்ன விளைச்சல் என்று வாசலில் நின்று ஆணிடம் கேட்டுக் குறித்துக்கொள்பவருக்கு, அதே வாசலில் மடியில் தட்டோடு இருப்பவர் விவசாயக் கணக்கில் வருபவராகத் தெரிவதில்லை. விதைக்கும் உழவுக்கும் ஆன பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும், பேச்சு அவரிடம் போய் நிற்கும்.

நீர்ப் பங்கீட்டிலும் அப்படியே. குளத்து மடையைத் திறந்து அடைத்து, வயல் வயலாகத் தண்ணீர் கட்டும் மடைக்குடும்பர் அறிந்த அளவு ஒரு குளத்தின் ஆயக்கட்டை வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். எந்த வயல் மேடு, எது உவர், யாருடைய முறை, யார் இரவில் மடையை உடைத்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வழிவழியாக இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தேவேந்திரகுல மக்கள். பாசன வரலாறு எழுத வருவோர் விவசாயிகள் சங்கத் தலைவரையும் பொதுப்பணித்துறைப் பொறியாளரையும் சந்திக்கிறார்கள். இவரைச் சந்திப்பது அபூர்வம். பல குளங்களில் இந்தப் பொறுப்பே அருகி வருகிறது. அந்த அறிவைப் பதிவுசெய்ய எஞ்சியிருக்கும் காலம் நீண்டதல்ல.

தாமிரபரணியின் வெள்ள உபரியைக் கருமேனியாறு, நம்பியாறு வழியே சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்குக் கொண்டுபோகும் கால்வாய்த் திட்டம் 2009இல் தொடங்கி 2024இல் சோதனை ஓட்டம் கண்டது. ஆற்றோரத்துக்கும் தேரிக்கும் இதுவரை இருந்த எல்லையை அழிக்கப்போகும் கால்வாய் இது. தண்ணீர் நிலையாக வந்து சேர்வதற்கு முன்பே, அதன் வழியிலுள்ள சில ஊர்களையேனும் எடுத்து, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன பயிர், எத்தனை பனை, எத்தனை கிணறு, எவ்வளவு கடன், யார் பீடி சுற்றுகிறார் என்பதை ஐப்பசியிலும் சித்திரையிலுமாக இரண்டு முறை கேட்டு, கேள்விகளையும் விடைகளையும் தமிழில் அச்சிட்டு, அந்தந்த ஊர் நூலகத்தில் வைக்க வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளும் இருக்கும் மாவட்டத்தில் அதைச் செய்ய ஆட்களுக்குப் பஞ்சமில்லை.